பேக்கல் கோட்டைக்குப் போக வெள்ளை போர்டு வாடகை கார் எடுக்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘பம்பாய்’ படத்தில் ‘உயிரே’ பாட்டு எடுத்த பேக்கல் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. ஆகஸ்டில் கணவர், பிள்ளைகளோடு கோழிக்கோடு, கண்ணூர் வழியாகக் கடலோரமாகவே போகிறோம். கணவரின் நண்பருக்குத் தெரிந்த ஒருவர் நாளுக்கு 3,000 ரூபாய்க்கு வெள்ளை போர்டு இன்னோவா தருகிறார், ஓட்டுவது நாங்கள்தான். கேரளாவுக்குப் பெர்மிட் வேண்டுமா?

பெர்மிட் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டி எந்த மாநிலத்துக்கும் பெர்மிட் இல்லாமல் போகலாம். ஆனால் அந்த வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீலாகச் சொல்கிறேன், எல்லையில் யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை, கண்ணூர் தாண்டி எதிலாவது இடித்துவிட்டால்தான் பிரச்சினையே ஆரம்பம். சொந்த உபயோகம் என்று எடுத்த பாலிசியில் வாடகை ஓட்டத்துக்கு இடமில்லை, அதனால் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கும். அடிபட்டவருக்கு முதலில் கம்பெனியையே கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாகும், ஓனர் நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.

புரோக்கர் ஒன்று சொல்லிக் கொடுப்பார்: “யாராவது கேட்டால் ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க சார்.” சொல்லாதீர்கள். விசாரிக்க வருபவர் முதலில் பார்ப்பதே ஜிபே கணக்கைத்தான். 2024 டிசம்பரில் ஆலப்புழா அருகே மருத்துவ மாணவர்கள் போன கார் அரசு பஸ்ஸில் மோதிய பிறகு, அந்தக் கார் வாடகைக்கு விட்டதா என்ற கேள்விதான் பெரிதாக வந்தது.

அப்புறம், ஒரிஜினல் லைசென்ஸையோ உங்கள் பைக்கையோ அடமானமாக வாங்கி வைப்பார்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் கீறலைக் காட்டி டெபாசிட்டைப் பிடிப்பார்கள், கேரளா கேமராவில் ஃபைன் விழுந்தது என்று ஒரு தொகை கேட்பார்கள். அப்படி ஃபைன் விழுந்ததா என்று மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

நண்பர் காரை இரவல் வாங்கிப் போகலாமா என்று உடனே கேட்பீர்கள், தாராளமாகப் போகலாம். அண்ணன் கார், சித்தப்பா கார், கணவரின் நண்பர் கார், எதுவானாலும் சரி, பணம் வாங்காமல் கொடுத்தால் அது வாடகை இல்லை. டீசலும் டோலும் நீங்கள் போடலாம், டேங்க் நிரப்பி, வாட்டர் வாஷ் செய்து திருப்பித் தரலாம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போகலாம். அதுவும் வாடகை இல்லை. ‘தேய்மானத்துக்கு’ என்று நாளுக்கு இவ்வளவு பேசினால் மட்டும் வாடகை ஆகிவிடும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் தேதி முடியாமல் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

முறைப்படி வாடகைக்கு விடும் காரில் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். அப்படி எடுங்கள், செலவு கொஞ்சம் கூடும். கூடாமல் என்ன செய்யும்? வாடகைக் கார்களுக்கான மத்திய அரசின் 1989-ம் வருடத் திட்டம், 50 கார் வைத்திருந்தால்தான் உரிமம் என்கிறது. இரண்டு கார் வைத்து நேர்மையாகப் பிழைக்க நினைப்பவருக்கு வழியை அடைத்துவிட்டு, புரோக்கர் வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுவதை வருடக்கணக்கில் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிடிக்கும்போது மட்டும் நடுரோட்டில் நிற்பது பிள்ளைகுட்டியோடு வந்த குடும்பம். எனக்கு இதில் பொறுமை போய் வெகுநாள் ஆகிறது.

ஓட்டுவதே சிரமம் என்றால், கோவையிலிருந்து மங்களூர் ரயிலில் காஞ்சங்காட்டில் இறங்கி உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள். காரில்தான் என்றால் கண்ணூர் பக்கத்தில் கார் ஓட்ட விடும் முழப்பிலங்காடு கடற்கரையில் மணலில் இறக்கும் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள், ஆகஸ்டில் கடல் சீறிக்கொண்டு இருக்கும், உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தை அரித்துவிடும். பாட்டில் பார்த்த அந்த ஈரமும் பச்சையும் கோட்டையில் கிடைப்பது அந்த மாதத்தில்தான். செம்புரைக் கல் படிகள் மழையில் வழுக்கும், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே ஏறிவிடுங்கள்.