மணிக்கு 48 பேர்தான், அப்புறம் ஏன் தெரு வரை வரிசை?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் அல்வாக் கடை வைத்திருக்கிறேன். பில் மெஷின்படி மாலையில் மணிக்கு 48 பேர். ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் 60 பேரைச் சமாளிக்கலாம். ஆனாலும் வரிசை தெருவுக்கு வந்துவிடுகிறது. இன்னொரு கவுண்டர் போடட்டுமா?

பதில்: கவுண்டரை அப்புறம் பார்ப்போம். முதலில் பில் மெஷினை விடுங்கள். அதில் இருப்பது ஆள் கிளம்பும் நேரம், வந்த நேரம் இல்லை. பத்துப் பேர் மொத்தமாக வந்து நின்றாலும் நிமிடத்துக்கு ஒரு பில்லாகச் சீராகத்தான் விழும்.

வாசலில் ஒருவரை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, வருகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். குடும்பமாக வந்து ஒரே பில் போட்டால் ஒன்று. வேனில் வந்த 12 பேரும் தனித்தனியாக வாங்கினால் 12. உதாரணத்துக்கு ஒரு மணி நேரம்: 1, 2, 0, 3, 14, 9, 1, 2, 0, 11, 4, 1. மொத்தம் அதே 48, கட்டத்துக்குச் சராசரி 4.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த விலக்க வர்க்கச் சராசரிதான். ஒவ்வொரு எண்ணும் 4-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 242; 12 கட்டங்களில் ஒன்று குறைத்து 11-ஆல் வகுத்தால் 22. அதைச் சராசரி 4-ஆல் வகுங்கள்: 5.5. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் தன்போக்கில் வந்தால் இந்த எண் 1-ஐ ஒட்டி இருக்கும். உங்களிடம் ஆட்கள் கும்பல் கும்பலாக வருகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறவர்கள், குற்றாலம் சீசன் வேன்கள், வேறு யார்?

காத்திருப்பைக் கணிக்க பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961-இல் தந்த சூத்திரம் போதும். கவுண்டரின் பளு, அதாவது 48 ÷ 60, 0.8, மிச்சம் 0.2, வகுத்தால் 4. ஆளுக்கு ஆள் எடை போடும் நேரம் அரை நிமிடம் முன்னே பின்னே ஆகிறது என்றால் அதன் பங்கு அரையின் வர்க்கம், 0.25. வருகைக்கு 1 என்று வைத்தால் 4 × (1 + 0.25) ÷ 2, அதாவது இரண்டரை நிமிடக் காத்திருப்பு. நம் 5.5-ஐ வைத்தால் பதினொன்றரை நிமிடம்! இது கைக்கணக்குத்தான், ஆனால் திசை தப்பாது.

ஒரு மணி நேரக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரம் அதே நேரத்தில் எண்ணுங்கள். காலையையும் மாலையையும் கலந்தால் எண் சும்மாவே வீங்கும். சீசனுக்குத் தனி நோட்டு. அதையே 15 நிமிடக் கட்டமாகச் சேர்த்தும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், கும்பல் ஐந்து நிமிடத்தில் அடங்குவதில்லை என்று பொருள்.

நிரந்தரமாக இரண்டாவது கவுண்டர் போட்டால் பாதி நேரம் ஈ ஓட்டும். அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களை முன்கூட்டியே கட்டி வைத்து, ஒரு ஆளுக்கான நேரத்தை 48 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். பளு 0.64 ஆகும், காத்திருப்பு சுமார் நான்கு நிமிடத்துக்கு இறங்கும். அதற்கும் மேல் வரிசை நின்றால், ரயில் நேரத்துக்கு மட்டும் இன்னொரு தராசும் ஓர் ஆளும் போடுங்கள்.