கொயர் மாஸ்டருக்கு, அதாவது சர்ச் பாடகர் குழுவை நடத்துபவருக்கு, ஞாயிறு காலை மட்டும்தான் வேலையா?

இல்லைங்க. கோவையில் நான் பாடிய சர்ச் கொயரின் மாஸ்டர் பகலில் பள்ளி இசை ஆசிரியர், மாலையில் வீட்டில் கீபோர்டு வகுப்பு, சனிக்கிழமை இரவு ஒத்திகை. எங்களில் பலருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) எழுத்துகளை வைத்தே சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பாடிக்காட்டி, அப்புறம் சேர்ப்பார். ஆல்டோதான் கஷ்டம். காது தானாகச் சோப்ரானோ மெட்டுக்கு ஓடிவிடும். அதை இழுத்துப்பிடிக்கவே பாதி ஒத்திகை போகும். தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை என்றால் எல்லோரும் ஒரே குரல்தான். நான்கு குரலாகப் பிரித்தால் ராகத்தின் கமகம் (ஸ்வரங்களை அசைத்துப் பாடும் அழகு) நசுங்கிவிடும் என்பார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுவோம். பனியில் தொண்டை கட்டிய எனக்கு அவரே சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.