கேம் அக்கா பதில்கள்: நாலாவது ஆக்டிலேயே நிற்கிறேனே!

கேள்வி: அக்கா, ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ ஆன்லைன் கேமை மூன்றாவது தடவையாக ஆரம்பித்திருக்கிறேன். சோழிங்கநல்லூரில் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். கூட ஆரம்பித்த நண்பர்கள் கதையின் பத்து ஆக்டையும் (பாகங்களையும்) முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வருகிற மேப்ஸ் ஆடுகிறார்கள். நான் வழியில் ஒரு பூச்சியைக்கூட விடாமல் அடித்தும் நாலாவது ஆக்டைத் தாண்டவில்லை. எங்கே தப்பு?

*– வாசகர், கொளத்தூர்*

பதில்: அந்த ‘ஒரு பூச்சியைக்கூட விடாமல்’ இருக்கிறதே, அதுதான் தம்பி.

வடபழனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் டயாப்லோ 2 ஆடிப் பழகியவள் நான். கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துப் பொறுக்கும் பழக்கம் எனக்கும் லேசில் விடவில்லை. போன மாதம் என் ஆட்டத்தை ரெகார்ட் செய்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆக்டுக்கு ஒரு மணி பத்து நிமிடம். அதில் 26 நிமிடம் சண்டையே இல்லை! முதல் ஆக்டின் ஊரான லயனைஸ் வாட்ச்சில் ஸ்டாஷைத் (பொருள் வைக்கிற பெட்டியைத்) திறந்து வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற கோடாரியையும் கீழே கிடைத்த கோடாரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் இரண்டையும் விற்றுவிட்டேன்.

எக்ஸ்பி, அதாவது எதிரியை அடித்தால் வந்து லெவலை ஏற்றுகிற அனுபவப் புள்ளி; அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் மனசு கேட்கும். உங்கள் லெவலை 16-ஆல் வகுத்து, வருகிற முழு எண்ணோடு 3 கூட்டுங்கள். எதிரியின் லெவல் உங்களுக்கு மேலேயோ கீழேயோ அத்தனை படிக்குள் இருந்தால் எக்ஸ்பி முழுசாக வரும், தாண்டினால் குறையும். நீங்கள் 32 என்றால் ஐந்து படி. லெவல் 25 இடத்தில் மூலை மூலையாகத் துடைப்பது விழலுக்கு இறைத்த நீர். இரண்டு மூன்று லெவல் பின்தங்கியே முன்னால் போங்கள், அடுத்த இடம் உங்களைத் தூக்கிவிடும். யார் முதலில் முடிப்பது என்று ரேஸ் ஆடுபவர்கள் பத்து ஆக்டையும் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். பெரும்பாலான எதிரிகளை அவர்கள் தொடுவதே இல்லை. வழியில் நிற்கிற கூட்டத்தையும், நீலம், மஞ்சள் பெயரோடு வருகிறவர்களையும் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் அடியுங்கள்.

கால்தான் முக்கியம். முதல் ஆக்டில் டைடல் ஐலண்டில் ஹெயில்ரேக் என்ற எதிரியை அடித்து மருந்துப் பெட்டியை ஊரில் இருக்கிற நெஸ்ஸாவிடம் கொடுத்தால், குடித்ததும் ஓட்டம் கூடுகிற குவிக்சில்வர் ஃபிளாஸ்க் கிடைக்கும்; அதை விட்டுவிட்டு நகராதீர்கள். ஓடும் வேகம் கூட்டுகிற பூட்ஸ் எந்தக் கடையில் கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுங்கள், மற்ற குணமெல்லாம் அப்புறம். கீழே கிடப்பதில் உங்கள் ஜெம் (திறமை தருகிற கல்) நிறத்துக்கு லிங்க் ஆன சாக்கெட் (கல் பதிக்கிற குழி) இருந்தால் எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாக லிங்க் ஆகியிருந்தாலும் எடுங்கள், கடையில் போட்டால் சாக்கெட் நிறத்தை மாற்றுகிற குரோமாட்டிக் ஆர்ப் தருவார்கள். மீதி கிடந்துவிட்டுப் போகட்டும்.

சாதாரண எதிரி விழுவதற்கே நாலைந்து அடி ஆகிறதா? அப்போது மட்டும் நில்லுங்கள். லெவல் ஏற்றி அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். ஆயுதம் பழசாகியிருக்கும், இல்லையென்றால் திறமைக்குப் பலம் கூட்டுகிற சப்போர்ட் ஜெம் குறைந்திருக்கும். மூன்றாவது ஆக்ட் லைப்ரரியில் சியோசாவின் வேலையை முடித்துக் கொடுத்தால், மற்ற கிளாஸ்களின் (கதாபாத்திர வகைகளின்) ஜெம்களையும் அவரிடமே வாங்கலாம். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு ஆறாவது ஆக்டில் ஜெம் விற்கிற லில்லி ராத் வரும்வரை தவிக்கிறார்கள்.

இவை போக, மற்ற பக்க வேலைகளில் பாசிவ் பாயின்ட் (நிரந்தர பலம் சேர்க்கிற புள்ளி) தருவதை மட்டும் செய்யுங்கள். லேபிரிந்து என்ற பொறிகள் நிறைந்த இடத்தைத் திறப்பதற்கு, முதல் மூன்று ஆக்டுக்குள் ஆறு ட்ரயல்கள் (சோதனைகள்) இருக்கின்றன. கண்ணில் பட்டதும் முடித்துவிடுங்கள். லேபிரிந்துக்குள் நுழையும் நேரத்தில் விட்டுப்போன ஒன்றைத் தேடித் திரும்பி ஓடுவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

இரண்டு மணி நேரம்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் இது உங்களுக்கே உங்களுக்கு: அடுத்த வேபாயின்ட்டை (தொட்டுவிட்டால் பிறகு நேராக அங்கே வர முடிகிற இடத்தை) தொடாமல் படுக்கப் போகாதீர்கள். நீங்கள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அந்த இடம் புதிதாக மாறிவிடும். பாதி தாண்டிய பாதையை மறுநாள் முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும். பத்து நிமிடம்தான் மிச்சம் என்றால் புது இடத்துக்குள் நுழையாமல், அன்றைய ஸ்டாஷ் வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ ஐந்தாவது ஆக்டின் கடைசி எதிரி கிட்டாவாவை முதல் தடவையிலேயே ஜெயித்தேன் அக்கா. ஆறாவதில் சாதாரண எதிரி விடுகிற நெருப்பே தாங்கவில்லை. என் பில்டு (நான் தேர்ந்தெடுத்த திறமை, பொருள் அமைப்பு) கெட்டுவிட்டதா?

*– கல்லூரி மாணவி, தாம்பரம்*

பதில்: பில்டைத் தொடாதீர்கள் தங்கச்சி! கிட்டாவா விழுந்ததும் நெருப்பு, குளிர், மின்னல் மூன்று ரெசிஸ்டன்ஸிலும் (அடியைக் குறைக்கிற தடுப்பிலும்) நிரந்தரமாக 30 சதவீதம் போய்விடும். முன்பு 75 இருந்தது என்று வையுங்கள். நூறு நெருப்பு அடி வந்தால் உடம்பில் 25 பட்டது. இப்போது 45. அதே அடியில் 55 படும். எதிரி அப்படியேதான் இருக்கிறான், உங்களுக்கு விழுகிற அடி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

ஆறாவதில் இரண்டு அடி எடுத்து வைப்பதற்கு முன் ரூபி, சஃபையர், டோபாஸ் மோதிரங்களைத் தேடுங்கள். முறையே நெருப்பு, குளிர், மின்னலுக்கு ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 சதவீதம் பிறவியிலேயே இருக்கும். பத்தாவது ஆக்ட் முடிவில் இன்னொரு 30 போகும். கிட்டாவாவுக்குப் பிறகு செத்தால் எக்ஸ்பியும் கழியும், முதலில் 5 சதவீதம், பத்தாவது ஆக்டுக்குப் பின் 10. அதனால் மோதிரம் தேடுகிற பத்து நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து எந்த சர்வரில் ஆடுவது? ஓடும்போது ஆள் பின்னால் இழுபடுகிறான்.

*– வாசகர், பெரம்பூர்*

பதில்: நான் ஆடுவது சிங்கப்பூரில். சென்னையிலிருந்து அங்கே நேராகக் கடலடி கேபிள் போகிறது. ஆள் இழுபடுவதற்குப் பெரும்பாலும் வீட்டு வைஃபைதான் காரணம். லேன் கேபிளைப் போட்டு, பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கேம் செட்டிங்கில் நெட்வொர்க் மோடை லாக்ஸ்டெப்பில் (சர்வர் பதில் வந்த பிறகே ஆள் நகர்வது) வையுங்கள். நிற்கவில்லையென்றால் பிரெடிக்டிவ் (பதிலுக்குக் காத்திராமல் ஊகித்து நகர்வது).