எட்டுப் பேருக்கு ஒரு கரவன் போதுமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்ரரில் இருக்கிறோம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு கிழமை தங்குவதற்கு மேபிள்தோர்ப் கடற்கரையில் ஆறு பேர் படுக்கும் கரவன் வீடு ஒன்றை என் கணவர் பதிவு செய்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமி. இப்போது மச்சாளும் அவரின் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்களாம். "பிள்ளைகள் நிலத்தில் படுக்கட்டும்" என்கிறார் இவர். மாமிக்கு முழங்கால் வருத்தம். மாட்டிறைச்சி தொடமாட்டார். வெளிச் சாப்பாடும் அவருக்கு அவ்வளவு பிடிக்காது. எட்டுப் பேருக்கும் மூன்று வேளை சமைக்கப்போவது நான்தான். பேசாமல் நான் வீட்டிலேயே நிற்கட்டுமா என்றுகூட யோசிக்கிறேன்.
வாசகி, லெஸ்ரர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் கடலில் விளையாட, நீங்கள் மட்டும் வீட்டுக் குசினியைவிடச் சின்னக் குசினியில் நின்று அதே வேலையைச் செய்வதென்றால் யாருக்குத்தான் போக மனம் வரும்? ஆனாலும் போங்கள். போவதற்கு முன்னர் யார் எங்கே படுப்பது, யார் சமைப்பது என்ற இரண்டையும் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் படுக்கை. ஆறு பேருக்கானது என்றால் பெரும்பாலும் இரட்டைக் கட்டில் உள்ள ஓர் அறை, இரண்டு ஒடுங்கிய கட்டில்கள் போட்ட இன்னோர் அறை, முன் அறையில் இழுத்து விரிக்கிற சோபா, இவ்வளவும்தான். இரட்டைக் கட்டில் உங்கள் இருவருக்கும், மற்ற அறை மாமிக்கும் ஒரு பிள்ளைக்கும், சோபா மற்றப் பிள்ளைக்கும் சரி. ஐந்து பேர் வசதியாக இருக்கலாம். மாமியைச் சோபாவில் படுக்கவைக்காதீர்கள். எல்லோரும் படுக்கப் போகும்வரை அவர் காத்திருக்க வேண்டும், விடிந்ததும் எழும்பி இடம் விட வேண்டும். எட்டுப் பேர் என்ற பேச்சே வேண்டாம். பதிவில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆட்களைத் தங்கவைக்கப் பெரும்பாலான கரவன் பார்க்குகளில் அனுமதியில்லை. அவசரம் என்றால் எல்லோரும் ஒரே ஒடுங்கிய நடை வழியாகத்தான் வெளியே ஓட வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மச்சாள் அதே பார்க்கில் தனியாக ஒரு கரவன் எடுக்கட்டும், அல்லது பார்க்கில் கேட்டுக்கொண்டு ஒரு நாள் வந்து போகட்டும். இதைத் தன் தங்கச்சியிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் 'அண்ணி வரவேண்டாம் என்கிறா' என்று கதை மாறிவிடும்.

மாமியின் முழங்காலுக்காக இன்றே பார்க்குக்குப் போன் பண்ணுங்கள். கரவன் வாசலில் மூன்று நான்கு படிகள் இருக்கும். கைபிடியோடு படியோ, சரிவுப் பாதையோ உள்ள கரவனாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். 'கடலோரம்' என்றதும் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று மாமி நினைத்திருப்பார். மேபிள்தோர்ப்பில் அப்படியில்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மேபிள்தோர்ப்பும் பக்கத்து ஊரான சட்டனும் மோசமாக அடிபட்ட இடங்கள். அந்தப் பக்கத்தில் நிலம் தாழ்வு, அணைக்கட்டும் மணல்மேடும்தான் ஊருக்குக் காவல். அதனால் கட்டின் மேல் ஏறினால்தான் கடலைக் காணலாம். படியேற முடியாதவர்களை ஹை ஸ்ட்ரீட் முடிகிற இடத்திலுள்ள சரிவு வழியாகக் கூட்டிப்போங்கள். சுனாமியைக் கண்ட கரையிலிருந்து வந்தவருக்கு இந்தக் கட்டு ஏன் இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், விளங்கிவிடும்.

இனிச் சமையல். இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒருமுறை சமைத்தால் போதும், அதுவும் ஒரே ஆள் சமைக்கக்கூடாது. புறப்படுவதற்கு முதல் வாரமே இரண்டு மூன்று கறிகளை வைத்து உறையவிட்டு, குளிர்ப்பெட்டியில் கொண்டுபோங்கள். கரவன் பிரிட்ஜின் உறைபெட்டி சின்னது என்பதால் கட்டையான டப்பாக்களில் போடுங்கள். பருப்பும் சோறும் மட்டும் அங்கே வையுங்கள். சம்பலுக்குத் தேங்காய்ப் பூவும் தூளும் கொண்டுபோனால் மாமியே பிசைந்து தருவார், கை சும்மா இருக்காத சந்தோஷமும் அவருக்குக் கிடைக்கும். காலையில் பாண், மத்தியானம் சாண்ட்விச். மீன் பொரிக்க வேண்டாம். தாளிப்பதென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், அந்தச் சின்ன இடத்தில் புகை அலாரம் உடனே கத்தும். அதற்காக அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

கடைச் சிப்ஸ் (உருளைக்கிழங்குப் பொரியல்) மரக்கறிதானே, மாமியும் சாப்பிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மேபிள்தோர்ப் இருக்கும் லிங்கன்ஷயரிலும் யோர்க்ஷயரிலும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். அந்த ருசியைப் பெருமையாகவே சொல்வார்கள். கடையில் நுழைந்ததும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு தெரியவந்தால் மாமி படும் சங்கடத்தை யாராலும் ஆற்ற முடியாது.

மின்சாரத்தில் கவனம். சில பார்க்குகளில் ஒரு கரவனுக்கு 16 அம்பியர்தான், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோவாற். கேத்தில் ஒன்றே 3 கிலோவாற் இழுக்கும். ரைஸ் குக்கர், கேத்தில், ஹீற்றர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் விழும். ஆகஸ்ட் என்றாலும் இரவில் வட கடல் காற்று குளிரும், மாமிக்குக் கம்பளி எடுங்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்: கரவனின் நிலத்திலும் சுவரின் அடியிலும் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். குளிர்கிறது என்று அவற்றைத் துணியால் அடைக்கக்கூடாது. கசிகிற காஸ் காற்றைவிடக் கனமானது, அது கீழே வழிந்து வெளியேற அந்தத் துளைகள்தான் வழி. வெளியே பற்றவைத்த பார்பிகியூவைத் தணல் இருக்கும்போது உள்ளே கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பிள்ளைகளுக்கு அது நல்ல கரை. நீளமான மணல், கழுதைச் சவாரி, மணலில் ஓடும் குட்டி ரயில் எல்லாம் உண்டு. நடக்க முடியாத மாமியையும் அந்த ரயிலில் ஏற்றலாம். குளிப்பதை ஆர்என்எல்ஐ (கடலில் உயிர்காக்கும் தொண்டு அமைப்பு) காவலர்கள் நிற்கும் நேரத்தில், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குள் கொண்டுபோக விடாதீர்கள். இங்கே மேற்குக் காற்றுத்தான் அதிகம், கிழக்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடல் பக்கமாக வீசும். கரையோரம் அலையில்லாமல் அமைதியாகத் தெரிகிற நாளில்தான் மிதவை பிள்ளையோடு சேர்ந்து வெளியே போய்விடும். அப்படி ஏதும் நடந்தால் பின்னால் நீந்திப் போகாமல் 999க்கு அடித்து 'கோஸ்ட்கார்ட்' (கடலோரக் காவல்) என்று கேளுங்கள். அதே கரையில் வடக்கே உள்ள டொனா நூக்கில் சீல் (கடல்நாய்) பார்க்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பிப் போகவேண்டாம். அவை குட்டி போடக் கரைக்கு வருவது நவம்பர், டிசம்பரில்தான். மற்றக் காலத்தில் அந்தப் பக்கத்தில் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சி நடக்கும்.

ரயிலை நம்ப வேண்டாம், மேபிள்தோர்ப் பாதையை 1970இலேயே மூடிவிட்டார்கள். காரில் லிங்கன், ஹோன்காஸ்ல், ஆல்ஃபோர்ட் வழி. சனிக்கிழமை என்றால் ஏ158 வீதியில் கார்கள் ஊர்ந்துதான் போகும். மாமி நடுவில் காலை நீட்ட இடமுள்ள நிறுத்தம் ஒன்றை யோசித்து வையுங்கள். படுக்கை விரிப்பும் துவாயும் வாடகையில் அடங்குமா, கிளப்பில் பாட்டும் விளையாட்டும் பார்க்கத் தனிப் பாஸ் வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஒரு நாள் பின்னேரம் முழுவதையும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சாப்பாடு, மாமியின் மருந்து, பிள்ளைகளின் குளிப்பு எல்லாம் கணவரின் பொறுப்பு என்று இங்கேயே பேசி வையுங்கள். பல பார்க்குகளில் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளிக்கிட வேண்டும். முதல் நாள் இரவே சாமான் கட்டி, கழுவித் துடைக்கிற வேலையில் பிள்ளைகளையும் இறக்குங்கள்.