தர்மபுரியில் மூன்று ஃபேன், 540 யூனிட்: பில் ஏன் எகிறியது?

சகோ, இரண்டு மாத பில்லில் 540 யூனிட் வந்திருக்கிறது, ஃபேன்தான் காரணமா என்று கேட்டீர்கள். மூன்று பழைய ஃபேனும் தினம் 12 மணி நேரம் ஓடுவதாகச் சொன்னீர்கள். ஒன்றுக்கு 75 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு மூன்றும் சேர்ந்து சுமார் 162 யூனிட். 540-இல் மீதி ஃபிரிட்ஜ், மோட்டார் கணக்கு. ஃபேனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு (3200 imp/kWh) என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், 75 வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 முறை சிவப்பு விளக்கு மின்னும். கூடுதலாக மின்னினால் அந்த ஃபேனே அதிகம் இழுக்கிறது, இல்லை வேறு ஏதோ இழுக்கிறது.

உங்கள் சிக்கல் 500 யூனிட்டைத் தாண்டியதுதான். தாண்டினால் 500-க்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். படுக்கையறை ஃபேன் இரண்டை மட்டும் 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) ஆக்கினால் சுமார் 65 யூனிட் குறைந்து 475-க்கு வந்துவிடும். ஹாலில் இருப்பது அப்படியே ஓடட்டும். குளிர்ச்சியான ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை கம்மி, நம்ம தர்மபுரி வெயில் அப்படி!

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். பிஎல்டிசிக்கு அது ஆகாது.