ஊர்சுற்றி பதில்கள்: கோட்டைக்குள் ஒரு கோட்டையடுப்பு

மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். ‘அவுட்லேண்டர்’ தொடரை இரண்டு முறை பார்த்துவிட்டேன். கோட்டை பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எங்கே போகலாம்?
- வாசகி, திருச்சி

டூன் கோட்டைக்கு. யோசிக்கவே வேண்டாம். தொடரில் லியோக் கோட்டை என்று வருகிறதே, அதுதான். ஸ்டர்லிங் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊருக்குள் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் டீத் ஆற்றங்கரையில் நிற்கிறது. ராஜாவின் பெயரில் ஸ்காட்லாந்தை ஆண்ட ஆல்பனி பிரபு ராபர்ட் ஸ்டூவர்ட், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முற்றமும் மதிலும் பார்த்ததுமே அடையாளம் தெரியும். ஆனால் உள்ளே போனால் திரைச்சீலை, மேஜை, மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. வெறும் கல். உள் காட்சிகள் பெரும்பாலும் ஸ்டுடியோ செட்டில் எடுத்தவை. என்னோடு வந்த ஒரு அம்மாள் “இவ்வளவுதானா?” என்று முகம் சுளித்து வெளியே போய்விட்டார். அவர் சமையலறைக்கு வரவேயில்லை.

அடுப்பின் வாய் மட்டும் 18 அடி அகலம்! எங்கள் பக்கம் கல்யாணச் சமையலுக்குத் தரையில் வெட்டுகிற அடுப்பைக் கோட்டையடுப்பு என்போம். அறுபது வயதுக்கு மேல்தான் நிஜக் கோட்டையின் அடுப்பைப் பார்த்தேன். அதன் முன்னால் நின்று, எத்தனை பேருக்குப் பந்தி போட்டிருப்பார்கள் என்று நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டோம். முந்நூறு என்றார் அவர். அவர் பந்தி பரிமாறியதே இல்லை, விடுங்கள்.

டூனுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1975இல் வந்த ‘மான்ட்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ என்ற நகைச்சுவைப் படம் பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்பட்டது. பார்த்து வைத்திருந்த வேறு கோட்டைகளுக்குப் படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டூன் அப்போது தனியார் வசம் இருந்தது, அதனால் தப்பித்தார்கள். இதே கோட்டையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை காட்டி, படத்தில் பல கோட்டைகளாக்கிவிட்டார்கள். குதிரைக்கும் பணம் இல்லை. வீரர்கள் குதிரையில்லாமலே துள்ளித் துள்ளி ஓட, பின்னால் ஒருவர் கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புவார். இன்றைக்கும் கோட்டைக் கடையில் கேட்டால் தட்டிப் பார்க்கக் கொட்டாங்குச்சி தருகிறார்கள். தேங்காய் விளையாத ஊரில் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று கொட்டாங்குச்சி வாங்கியதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டியைக் கட்டாயம் வாங்குங்கள். அந்தப் படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான டெரி ஜோன்ஸின் குரல் அதில் இருக்கிறது. 2020இல் இறந்துபோனார். அவர் அறை அறையாக நம்மைக் கூட்டிப்போவது போலவே இருக்கும். உங்கள் தொடரின் நாயகன் சாம் ஹ்யூவனும் தன் பங்குக்குப் பேசுகிறார்.

தயவுசெய்து ‘சினிமாக் கோட்டைகள் சுற்றுலா’ என்று வேனில் போகாதீர்கள். முதல் தடவை அப்படிப் போய்த்தான் ஏமாந்தோம். டூனுக்கு 25 நிமிடம், விஸ்கிக் கடைக்கு ஒரு மணி நேரம்! குடிக்காத இரண்டு பேர் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுவாரம் பஸ் பிடித்துப் போனபோதுதான் அந்தச் சமையலறையைப் பார்த்தோம்.

பேரன் ஹாரி பாட்டர் பைத்தியம். ஹாக்வார்ட்ஸ் கோட்டை நிஜமாகவே இருக்கிறதா?
- வாசகர், கோவை

துண்டு துண்டாக இருக்கிறது. துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொள்ளும் காட்சி வடகிழக்கு இங்கிலாந்தின் ஆனிக் கோட்டையில். நடைக்கூடங்கள் பல க்ளாஸ்டர் தேவாலயத்தில். மாணவர்கள் ஏறிவரும் படிக்கட்டு ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில். சாப்பாட்டுக்கூடமோ ஸ்டுடியோவில் போட்ட செட்.

பேரனுக்கு ஆனிக் போதும். லண்டன் - எடின்பரோ ரயில் பாதையில் ஆன்மவுத்தில் இறங்கினால் பக்கம். அதே புல்வெளியில் குழந்தைகளுக்குத் துடைப்பப் பயிற்சி தருகிறார்கள். எப்படித் துள்ளினால் போட்டோவில் பறப்பது போல விழும் என்பதுதான் பாடம். என் பேத்தி 14 தடவை துள்ளினாள், ஒன்று தேறியது. பெர்சி குடும்பம் 1309 முதல் வைத்திருக்கும் கோட்டை இது. இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பார்வையாளர்களுக்குக் கதவு சாத்திவிடும், தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

‘குச் குச் ஹோதா ஹை’ பாட்டில் தண்ணீருக்கு நடுவே ஒரு கோட்டை வருமே, எத்தனை பழையது?
- வாசகர், சேலம்

ஸ்காட்லாந்தின் ஐலன் டோனன். வயது எவ்வளவு என்பது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் கோட்டை 13ஆம் நூற்றாண்டு. 1719இல், பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த ஜேக்கோபைட் கிளர்ச்சியின்போது அரசாங்கப் போர்க்கப்பல்கள் குண்டு போட்டு, மிச்சத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இருநூறு வருடம் இடிபாடாகக் கிடந்தது. 1911இல் ஜான் மெக்ரே-கில்ஸ்ட்ராப் என்ற ராணுவ அதிகாரி தீவை விலைக்கு வாங்கி, 1932 வரை கட்டினார். படங்களில் அவ்வளவு கம்பீரமாகத் தெரியும் அந்தக் கல் பாலமும் அவர் காலத்தில் வந்ததுதான். ‘ஹைலேண்டர்’ படத்தில் 16ஆம் நூற்றாண்டு வீரர்கள் அதன் மேல் போருக்குக் கிளம்புவார்கள்! என் தாத்தா பிறக்கும்போது அந்தப் பாலம் இல்லை.

அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மூன்று கடல் ஏரிகள் கூடும் இடம். சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் வருடக் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

‘டவுன்டன் ஆபி’ தொடரில் வரும் மாளிகையின் சமையலறையைப் பார்க்க முடியுமா?
- வாசகி, புதுச்சேரி

முடியாது. மாடியும் கூடமும் இங்கிலாந்தில் இருக்கும் நிஜமான ஹைக்ளியர் மாளிகை, கீழே வேலைக்காரர்களின் பகுதி லண்டனில் ஈலிங் ஸ்டுடியோ செட். ஈலிங்கில் தட்டை எடுத்த பணியாள் ஹைக்ளியரில் வந்து பரிமாறுவார். நிஜ மாளிகையின் நிலவறையில் எகிப்துக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். துட்டன்காமன் கல்லறையைத் தேடப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவின் வீடாயிற்றே.

முட்டி வலிக்காரி நான். இந்தக் கோட்டைகளில் ஏற முடியுமா?
- வாசகி, நாகர்கோவில்

ஐலன் டோனனைக் கரையில் நின்றபடியே ரசிக்கலாம், அழகே வெளியில்தான். ஆனிக்கில் புல்வெளி தாராளம். டூனில்தான் கஷ்டம்: சுழல்படி, குறுகல், தேய்ந்த கல், மழை நாளில் வழுக்கும். எனக்கும் முட்டி சரியில்லை. ஏறிவிட்டேன், இறங்கும்போது ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன். பின்னால் வந்த ஒரு பள்ளிக்கூடமே எனக்காகக் காத்திருந்தது. ஸ்டர்லிங் பஸ்ஸும் போய்விட்டது.