சீட்டுக்கட்டும் ரத்தம் உறைவதும்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கும் என் மகள், விடுதியில் சீட்டு ஆடித்தான் பாடம் படிக்கிறாளாம். நம்பலாமா சார்?

பதில்: நம்பலாம். ரத்தம் உறைய உதவும் காரணிகளுக்கு 1 முதல் 13 வரை எண் உண்டு, ஸ்பேடை மட்டும் பிரித்தால் அதிலும் 13 சீட்டுதான்; 6 என்றொரு காரணி கிடையாது என்பதால் அந்தச் சீட்டை முதலிலேயே தூக்கிப் போட்டுவிட்டு, காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிடும் வரிசைப்படியே ராணி (12), ஜாக்கி (11), 9 என்று இறக்கி, 8-ஐத் துணைக்கு வைத்து 10-ஐப் பிடிக்கவேண்டும், அப்புறம் 2, ஏஸ் (1), உறைந்த ரத்தக் கட்டியை இறுக்கிக் கெட்டிப்படுத்தக் கடைசியில் ராஜா (13). எதிராளி 8-ஐ ஒளித்துவிட்டால் ஆட்டம் படுத்துவிடும். அதுதான் ஹீமோபிலியா ஏ என்னும், ரத்தம் சரியாக உறையாத நோய்! 2, 7, 9, 10 நான்கும் ஒன்றாகச் சோர்ந்தால் அது வார்ஃபரின் என்னும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தின் வேலை. மனப்பாடம் செய்தது தேர்வோடு பறந்துவிடும், 8 இல்லாமல் தோற்றது மறக்காது. காசு வைத்து ஆடுகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.